தவணைக்குக் காசு!
ஐந்து வாரக் கதிர் வைத்தியம் யாருக்காக?

மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்த பெண்ணிடம் ஆஸ்பத்திரியில் அடுத்தபடியாகச் சொல்வது, "கரண்டு வைக்க வேண்டும், தினமும் வரவேண்டும், ஐந்து வாரம்" என்பதுதான். ஜனங்கள் வாயில் அது கரண்டு. புத்தகத்தில் கதிர் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் என்றால் 25 தவணை. இயந்திரத்தின் கீழே படுத்திருக்கும் நேரம் சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்துக்காகப் போவது ஒரு முழு நாள்.

சொந்தக் கார் உள்ள வீட்டம்மாளுக்கு இது அலைச்சல். மில்லில் ரீலிங் பார்க்கும் பெண்ணுக்கு இது ஐந்து வாரக் கூலி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணுக்கு ஒரு பருவத்து வேலையே போயிற்று. துணைக்கு ஒருவர் வரவேண்டும். அவர் கூலியும் அதோடு போயிற்று. பஸ் சார்ஜ், வழியில் ஒரு டீ, பெரிய நகரமானால் ராத்திரி தலை சாய்க்க ஓர் இடம். இவ்வளவும் எந்த ஆஸ்பத்திரி பில்லிலும் ஏறாத செலவு. பில்லில் ஏறாததால் இல்லாத செலவாகிவிடுமா?

தோழர்களே! இந்த ஐந்து வாரம், ஆரம்ப நிலையிலுள்ள மிகப் பெரும்பாலான பெண்களுக்குத் தேவையே இல்லை. மூன்று வாரம் போதும் என்று 2008-லும் 2010-லும் ருசுவாகிவிட்டது. ஒரு வாரமே போதும் என்று 2020-ல் ருசுவாயிற்று. இது மேடையில் கைதட்டலுக்காக நாம் சொல்லும் பேச்சல்ல. பிரிட்டனிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கான பெண்களை வருஷக்கணக்கில் கவனித்து, கணக்குப் போட்டுப் பார்த்து, வைத்திய விஞ்ஞானிகள் சொன்னது. அப்படியிருந்தும், உலகத்தின் பணக்கார நாடான அமெரிக்காவில் 2013-ம் வருஷத்தில், டாக்டர்களின் சொந்தச் சங்கமே "இவர்களுக்குக் குறுகிய வைத்தியம் தகும்" என்று ஒப்புக்கொண்ட பெண்களில், ஏறக்குறைய மூன்றில் ஒருத்திக்குத்தான் அது கிடைத்தது. மற்ற இருவரும் பழைய நீண்ட வைத்தியத்துக்கே அலைக்கழிக்கப்பட்டார்கள்.

ஏன்? இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேட வந்திருக்கிறோம். அதற்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம்.

மார்பை எடுக்காமல் காப்பாற்றும் வழி

ஒரு காலத்தில் மார்பில் புற்றுநோய் என்றால் மார்பு முழுவதையும், அதன் அடியிலுள்ள தசையையும், அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் சேர்த்து அறுத்து எடுத்துவிடுவதுதான் வைத்தியம். பெண்ணைக் கேட்பதும் கிடையாது. 1973-ல் இத்தாலியின் மிலான் நகரில் டாக்டர் வெரோனேசியும், 1976-ல் அமெரிக்காவில் டாக்டர் பெர்னார்டு ஃபிஷரும் இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார்கள். கட்டியை மட்டும் எடுத்து, மிச்ச மார்புக்குக் கதிர் கொடுத்தால் என்ன? 20 வருஷம் கவனித்த முடிவு 2002-ல் வந்தது. மார்பை முழுவதும் எடுத்த பெண்களும், கட்டியை மட்டும் எடுத்த பெண்களும் ஒரே அளவில் உயிரோடிருந்தார்கள். இத்தனை காலம் அறுத்துத் தள்ளியதெல்லாம் வீண் என்றாயிற்று.

ஆனால் ஒரு நிபந்தனை. ஃபிஷரின் சோதனையில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் கொடுக்காமல் விட்ட பெண்களில் 100-க்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் மறுபடி வந்தது. கதிர் கொடுத்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் வந்தது. ஆகவே மார்பைக் காப்பாற்ற வேண்டுமானால் கதிர் வேண்டும். கதிர் வேண்டுமானால் ஐந்து வாரம் வரவேண்டும்.

வர முடியாதவள்? அவளுக்கு மார்பையே எடுத்துவிடு! கதிர் வைக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூரத்தில் குடியிருக்கும் பெண்கள் முழு மார்பையும் இழப்பது அதிகம் என்று அமெரிக்காவிலேயே கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நோய் ஒன்றுதான், கத்தி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை பஸ் வசதி தீர்மானிக்கிறது. நாளைக் குறைப்பது ஏதோ சௌகரிய விஷயம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும். ஐந்து வாரமா ஒரு வாரமா என்பது, சில பெண்களுக்கு மார்பு உண்டா இல்லையா என்ற கேள்வி.

25 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கதிரை அளக்கும் அலகுக்கு கிரே என்று பெயர். துணியை மீட்டரில் அளப்பதுபோல் கதிரை கிரேயில் அளக்கிறார்கள். பழைய முறை, தவணைக்கு 2 கிரே, 25 தவணை, மொத்தம் 50 கிரே.

ஏன் இப்படித் துண்டு துண்டாக? பாரிஸ் ரேடியம் நிலையத்தில் க்ளோட் ரெகோ என்ற விஞ்ஞானி, ஆட்டுக் கடாக்களை வைத்துச் சோதனை செய்தார். விதையை மலடாக்க ஒரே தடவையாகக் கதிரைக் கொடுத்தால் மேல் தோல் வெந்து போயிற்று. அதையே பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தால் தோல் பிழைத்தது, காரியமும் முடிந்தது. அதே பாரிஸில் ஆன்ரி கூட்டார் என்ற டாக்டர் இதைத் தொண்டைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டார். அன்றிலிருந்து, "சிறு தவணை நல்லது, பெருந்தவணை கெட்டது" என்பது கதிர் வைத்தியத்தில் வேதவாக்காகிவிட்டது.

தொண்டைக்கு அது சரி. எல்லாப் புற்றுக்கும் அதுவே சரியா? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சிறு தவணையாகக் கொடுத்தால், நல்ல சதை அடுத்த நாளைக்குள் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. அதாவது நல்ல சதைக்குச் சலுகை. புற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஆனால் மார்பகப் புற்று அப்படியல்ல. தவணையின் அளவு அதையும் நல்ல சதையைப் போலவே ஏறக்குறைய பாதிக்கிறது என்று தெரியவந்தது. சிறு தவணை கொடுத்தால் சலுகை இரண்டுக்கும் போகிறது. பயிருக்கு இரக்கம் காட்டப் போய்க் களைக்கும் இரக்கம் காட்டிய கதை! அப்படியானால் தவணையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, மொத்தத்தையும் குறைத்துக் கொடுத்தால் புற்றுக்கு அதே அடி விழும், நல்ல சதைக்கும் கூடுதல் கேடில்லை.

"மொத்தத்தையும் குறைத்து" என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும். "அதிகக் கதிரைக் குறைந்த நாளில் உடம்பில் ஏற்றிவிடுகிறார்கள்" என்று பீதி கிளப்புகிறவர்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள். பழைய முறையில் மொத்தம் 50 கிரே. மூன்று வார முறையில் 15 தவணை, மொத்தம் 40. ஒரு வார முறையில் 5 தவணை, மொத்தம் 26. தவணைக்கு 2 கிரே என்பது 5.2 கிரே ஆகிறது. மொத்தமோ ஏறக்குறையப் பாதியாகிறது.

ருசுக்கள்

முதலில் கனடா. 1993-லிருந்து 1996 வரை 1,234 பெண்கள். சீட்டுப் போட்டது போல் பிரித்து ஒரு பாதிக்கு 25 தவணை, மறு பாதிக்கு 16 தவணை. டாக்டர் வீலனும் அவர் கூட்டாளிகளும் பத்து வருஷ முடிவை 2010-ல் வெளியிட்டார்கள். நோய் அதே மார்பில் திரும்பியது நீண்ட வைத்தியத்தில் 100-க்கு 6.7 பேருக்கு, குறுகிய வைத்தியத்தில் 6.2 பேருக்கு. மார்பின் தோற்றம் நன்றாக இருந்தது இரண்டிலும் 100-க்கு 70 பேர் அளவில். வித்தியாசம் எங்கே?

பிரிட்டனில் 'ஸ்டார்ட்' என்று பெயரிட்ட இரட்டைச் சோதனை. அதில் இரண்டாவதில் 2,215 பெண்கள். ஐந்து வாரம் 50 கிரே ஒரு பக்கம், மூன்று வாரம் 40 கிரே மறுபக்கம். முதல் முடிவு 2008-ல், பத்து வருஷ முடிவு 2013-ல். மார்பிலோ அக்குள் பக்கத்திலோ நோய் திரும்பியது ஐந்து வாரத்தில் 100-க்கு 5.5, மூன்று வாரத்தில் 4.3. மார்பு சுருங்குதல், வீக்கம் போன்ற தொல்லைகள் மூன்று வாரத்தாருக்கே குறைவு! பிரிட்டன் தாமதிக்கவில்லை. 2009-லேயே 40 கிரே, 15 தவணை என்பதை நாடு முழுவதற்கும் வழிகாட்டு முறையாக்கிவிட்டது.

அதோடும் நிற்கவில்லை. 2011 முதல் 2014 வரை 97 ஆஸ்பத்திரிகளில் 4,096 நோயாளிகளைச் சேர்த்தார்கள். இந்தச் சோதனைக்கு 'ஃபாஸ்ட் ஃபார்வர்டு' என்று பெயர். மூன்று வாரமா, ஒரு வாரமா என்பது கேள்வி. 2020 ஏப்ரலில் முடிவு வந்தது. ஐந்து வருஷத்தில் அந்தப் பக்க மார்பில் நோய் திரும்பியது மூன்று வாரத்தில் 100-க்கு 2.1. ஒரு வாரம் 26 கிரே வாங்கியவர்களில் 1.4.

இதிலேயே ஒரு பாடம். ஒரு வார முறையில் இரண்டு அளவுகளைச் சோதித்தார்கள், 26 கிரே, 27 கிரே. ஒரே ஒரு கிரேதான் வித்தியாசம். ஐந்தாம் வருஷம் டாக்டர்கள் பரிசோதித்தபோது, மார்பில் கணிசமான பக்கவிளைவு தென்பட்டது மூன்று வாரத்தாரில் 100-க்கு 9.9, 26 கிரேயில் 11.9, 27 கிரேயில் 15.4. ஆகவே 27-ஐத் தள்ளிவிட்டு 26-ஐ எடுத்துக்கொண்டார்கள். நல்ல விஞ்ஞானம் இப்படித்தான் வேலை செய்யும். ஒரு கிரேக்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். "ஏழைகளுக்கென்று ஏதோ அவசர வைத்தியம்" என்று இதை இளக்காரம் செய்கிறவர்கள், தாங்கள் போற்றும் நீண்ட வைத்தியத்தை இவ்வளவு பெண்களிடம் இவ்வளவு கவனமாகச் சோதித்ததுண்டா என்று சொல்லட்டும்.

மறக்கக் கூடாத ஒரு கதையும் உண்டு. 1980-களில் இதே பிரிட்டனில் சில ஆஸ்பத்திரிகளில், தவணை அளவு கூடியதாலும், கதிர் விழும் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததாலும், நோய் தீர்ந்த பெண்களுக்குத் தோள் நரம்பு கெட்டு, கை செயலற்றுப் போயிற்று. டாக்டர்கள் முதலில் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பெண்கள் 1991-ல் சங்கம் அமைத்தார்கள், நியாயம் கேட்டார்கள். அவர்கள் போட்ட கூச்சல் வீண் போகவில்லை. குறுகிய வைத்தியத்தைக் கண்மூடித்தனமாகப் புகுத்தக்கூடாது, அளவுக்கு அளவு சோதித்துத்தான் கொண்டுவர வேண்டும் என்ற கண்டிப்புக்கு அந்தப் பெண்களின் வேதனையும் ஒரு காரணம். குறுகிய வைத்தியம் என்பது அவசர வைத்தியமல்ல. இன்னும் அதிகக் கவனத்தோடு அளந்து கொடுக்க வேண்டிய வைத்தியம்.

பீஸ் ரேட் மர்மம்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 2010-ல் பத்து வருஷ ருசு அமெரிக்காவிலேயே அச்சாகும் பிரசித்தமான வைத்தியப் பத்திரிகையில் வந்தது. அமெரிக்கக் கதிர் டாக்டர்களின் சங்கம் 2011-ல், 50 வயதுக்கு மேற்பட்ட ஆரம்ப நிலைப் பெண்களுக்கு இது தகும் என்று எழுதியது. 2013-ல் ஒருபடி மேலே போய், குறுகிய வைத்தியத்தை யோசித்துப் பார்க்காமல் நீண்டதைத் தொடங்காதீர்கள் என்று தன் டாக்டர்களுக்கே புத்தி சொன்னது. இருந்தும் அந்த வருஷத்தில், தகுதியுள்ள பெண்களில் 100-க்கு 34.5 பேருக்குத்தான் குறுகிய வைத்தியம் நடந்தது. 2008-ல் அது 10.6.

பிரிட்டனில் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது, அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு. பிரிட்டிஷ் பெண்ணின் சதை ஒரு ஜாதி, அமெரிக்கப் பெண்ணின் சதை வேறு ஜாதியா?

பதில் பில்லில் இருக்கிறது. அமெரிக்காவில் கதிர் வைத்தியத்துக்குப் பணம் தவணைக் கணக்கில் கொடுக்கப்பட்டு வந்தது. ஒவ்வொரு தடவை பெண்ணைப் படுக்கவைத்து இயந்திரத்தை ஓட்டும்போதும் ஒரு கட்டணம். 25 தவணை என்றால் 25 கட்டணம். 16 தவணை என்றால் 16 கட்டணம். நூற்பு மில் தோழர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. இதற்குப் பெயர் பீஸ் ரேட். வித்தியாசம் ஒன்றே ஒன்று. மில்லில் பீஸ் ரேட்டில் கூடுதல் பீஸ் எடுக்கத் தொழிலாளி தன் முதுகை ஒடிக்கிறான். இங்கே கூடுதல் பீஸுக்கு முதுகு ஒடிவது நோயாளிக்கு. காசு சேர்வது இயந்திரத்தின் சொந்தக்காரனுக்கு!

பல கோடி ரூபாய் போட்டு இயந்திரம் வாங்கி வைத்திருக்கும் தனியார் நிலையத்துக்காரன், ஒவ்வொரு பெண்ணும் பத்துத் தடவை குறைவாக வந்தால் தன் முதலுக்கு வட்டி எப்படி வரும் என்றுதான் பார்ப்பான். டாக்டர்கள் எல்லோரும் பொய்யர்கள், காசுக்காக நோயாளியை ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நல்லெண்ணமும் லாபமும் ஒரே திசையில் காட்டும்போது, பழக்கத்தை மாற்றிக்கொள்ள மனிதனுக்கு அவசரம் வருவதில்லை. இதுதான் இந்த ஏற்பாட்டின் விஷம். கெட்டவன் ஒருவனும் இல்லாமலே கெட்ட காரியம் நடந்துவிடுகிறது.

பணக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்குகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டதில், தகுதியுள்ள பெண் ஒருத்திக்கு நோய் கண்ட முதல் வருஷத்தில் மொத்த வைத்தியச் செலவு குறுகிய முறையில் சராசரி 28,747 டாலர், நீண்ட முறையில் 31,641 டாலர். ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 2,900 டாலர் கூடுதல். அதற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன? ஒன்பது நாள், பத்து நாள் கூடுதல் அலைச்சல்! இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இதைக் கண்டு கவலைப்படுவது பெண்களின் மேல் உள்ள பரிவால் என்று நாம் மயங்கப் போவதில்லை. அவர்கள் கவலை அவர்கள் பெட்டியைப் பற்றி.

பிரிட்டனில் 1948-ல் தொடங்கிய தேசிய சுகாதார சேவையின் ஆஸ்பத்திரி டாக்டருக்குச் சம்பளம். பெண் 25 தடவை வந்தாலும் 5 தடவை வந்தாலும் அவர் வீட்டுக்கு ஒரு காசு கூடுதலாகப் போவதில்லை. அங்கே கேள்வி நேராக எழுந்தது, இதை எத்தனை தவணையில் முடிக்கலாம் என்று. சுகாதார சேவை ஆஸ்பத்திரிகளிலேயே சோதனை நடந்தது, அரசாங்கப் பணத்திலும் தர்மப் பணத்திலும். பிரிட்டிஷ் சர்க்கார் புண்ணியவான் என்று சொல்லவரவில்லை. அங்கே இயந்திரப் பஞ்சம் வெகுகாலமாக உண்டு. மான்செஸ்டர் போன்ற நகரங்களில் வெகுநாளைக்கு முன்பிருந்தே மூன்று வாரத்தில் முடித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சத்தில் பிறந்த பழக்கத்தைச் சோதித்துப் பார்த்தபோது அதுவே நல்ல வைத்தியம் என்று தெரிந்தது. பெட்டி நிறைந்திருந்த அமெரிக்காவுக்கு அந்தச் சோதனையில் அவசரமில்லாமல் போயிற்று.

இந்த பீஸ் ரேட்டை ஒழிக்க அமெரிக்க சர்க்காரே ஒரு தடவை முயன்றது. தவணைக்கு இவ்வளவு என்று கொடுக்காமல், ஒரு நோயாளிக்கு மொத்தம் இவ்வளவு என்று கொடுப்பதாக 2019-ல் ஒரு திட்டம் போட்டு, 2020-ல் விதியும் வெளியிட்டது. என்ன நடந்தது? கட்டண வெட்டு தாங்க முடியாது என்று கதிர் டாக்டர்களின் சங்கம் எதிர்த்தது. 2021 ஜனவரியில் தொடங்க வேண்டியது ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று. பிறகு 2022, பிறகு 2023. கடைசியில் 2022 ஆகஸ்டில், தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்கள். பஞ்சப்படி கேட்ட தொழிலாளிக்கு "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் வருமே, அதே ராகம்.

இந்தத் தாமதத்துக்குச் சொன்ன சப்பைக்கட்டுகளையும் கேளுங்கள். "உடம்பு பெருத்த பெண்களுக்குக் குறுகிய வைத்தியம் ஆகாது, தோல் வெந்துவிடும்" என்றார்கள். டெக்சாஸ் மாகாணத்தில் ஹூஸ்டன் நகரத்துப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியான எம்.டி. ஆண்டர்சனிலேயே 287 பெண்களைச் சோதித்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் பருமன் உள்ளவர்கள். 2015-ல் வந்த முடிவு, குறுகிய வைத்தியக்காரருக்குத்தான் தோல் தொல்லை குறைவு, களைப்பும் குறைவு. இன்னொன்றும் அதில் எழுதியிருக்கிறது. நாம் அதைப் படித்து இரண்டு நிமிஷம் பேசாமல் இருந்தோம். தன் குடும்பத்தின் தேவைகளைக் கவனிக்க முடியாமல் போகும் கஷ்டம், குறுகிய வைத்தியம் வாங்கிய பெண்களுக்குக் குறைவு என்று அந்தப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். அடுப்பும் பிள்ளையும் அமெரிக்காவிலும் அவள் தலையில்தான்.

"இளம் வயதுக்கு ஆகாது, மருந்து ஏற்றியவர்களுக்கு ஆகாது" என்ற தடைகளையும் அந்தச் சங்கமே 2018-ல் எடுத்துவிட்டது. முழு மார்புக்குக் கதிர் கொடுக்க வேண்டிய எந்த வயதுப் பெண்ணுக்கும் குறுகிய முறையே முதல் தேர்வு என்று எழுதியது. கனடாவில் பத்து வருஷ முடிவு வந்து எட்டு வருஷம் கழித்து!

நம் நாட்டில்

2022-ம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டது. 98 ஆயிரம் பேர் இறந்தார்கள். பத்து லட்சம் ஜனங்களுக்கு ஒரு கதிர் இயந்திரமாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நாம் 140 கோடி. இயந்திரங்கள் 1,400-க்கு வெகு கீழே. இருப்பவையும் பெரிய நகரங்களில் குவிந்திருக்கின்றன.

இந்த நிலையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பெண்களுக்கு 25 தவணை வீதம் 2,500 தவணை. அதே 2,500 தவணையை 15 வீதம் பிரித்தால் 166 பெண்கள். 5 வீதம் பிரித்தால் 500 பெண்கள். ஓர் ஆஸ்பத்திரியில் ஒருத்தி தேவையில்லாமல் 25 நாள் வரும்போது, வாசலில் பேர் எழுதிவைத்துக் காத்திருக்கும் இன்னொருத்தியின் முறை தள்ளிப்போகிறது.

நல்ல சேதியும் உண்டு. மூன்று வார முறையை நம் நாட்டில் பல ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொண்டு நடத்துகின்றன. ஒரு வார முறை நம் பெண்களுக்கும் அப்படியே பொருந்துமா என்று பார்க்க 2019-ல் கல்கத்தா டாட்டா மெடிகல் சென்டரில் ஒரு சோதனை தொடங்கினார்கள். 2,100 நோயாளிகளைச் சேர்ப்பது என்பது திட்டம். டாட்டா என்ற பெயரைப் பார்த்து முகம் சுளிக்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுக்கட்டும். கேட்கப்பட்ட கேள்வி நம் கேள்விதான். நம் பெண்கள் பலருக்கு நோய் முற்றிய பிறகே கண்டுபிடிக்கப்படுகிறது, முழு மார்பும் எடுக்கப்பட்டவர்கள் அதிகம். ஆகவே வெள்ளைக்காரன் நாட்டு முடிவை அப்படியே நகலெடுக்காமல் இங்கேயே சோதிப்பதுதான் முறை.

ஆனால் தவணைக்குக் காசு என்ற வியாபாரம் இங்கேயும் இல்லையா? தனியார் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே கேட்க வேண்டியதைக் கேட்டே ஆகவேண்டும். "அம்மா, உங்களுக்கு 25 தவணை" என்றால், "ஏன் டாக்டர், 15 போதாதா, 5 போதாதா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நியாயமான காரணம் இருக்கலாம். எடுத்த மார்புக்குப் பதிலாகப் புதிதாக அமைத்திருக்கலாம். அக்குளுக்கும் கழுத்துக்கும் சேர்த்துக் கதிர் தேவைப்படலாம். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் இன்னும் சில தவணை கூடுதலாக வேண்டியிருக்கலாம், இளம் வயதுப் பெண்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். அந்தக் காரணத்தை டாக்டர் வாய் திறந்து சொல்லட்டும். "இங்கே வழக்கம் இதுதான்" என்பது காரணமல்ல. தவணையை நோயாளி தானாகக் குறைத்துக்கொள்வதும், பாதியில் நின்றுவிடுவதும் பெருந்தவறு. 25-க்கு அளந்த கதிரை 15-ல் நிறுத்தினால் அது மூன்று வார வைத்தியம் ஆகாது, முடியாத ஐந்து வார வைத்தியம்தான். ஒவ்வொரு முறைக்கும் தவணை அளவு வேறு என்று மேலே பார்த்தோமே.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லி வைக்கிறோம். "தவணை குறைந்துவிட்டது, இனி இருக்கிற இயந்திரமே போதும்" என்று கை கழுவிவிட இதை ஒரு சாக்காக்கக் கூடாது. தவணைக்குக் கதிர் கூடும்போது அளவெடுப்பு இன்னும் நுட்பமாக வேண்டும். இடது மார்பின் அடியில் இருதயம் இருக்கிறது, நுரையீரல் இருக்கிறது. அதற்குப் புது இயந்திரம் வேண்டும், கதிர் அளவைக் கணக்கிடும் பௌதிக நிபுணர் வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும். பிரிட்டனில் 1980-களில் கை இழந்த பெண்களின் கதை இங்கே திரும்பக்கூடாது.

இ.எஸ்.ஐ. அட்டை உள்ள மில் பெண்ணுக்கு நோய்க் காலத்தில் கூலியில் ஒரு பகுதியாவது கைக்கு வரும். காண்டிராக்டில் பேர் பதியாமல் வேலை செய்கிறவளுக்கு வராது. வயலில் வேலை செய்கிறவளுக்கு அந்த அட்டையே கிடையாது. ஐந்து நாள் வைத்தியம் என்றாலும் அவளுக்கு அது ஐந்து நாள் பட்டினி. துணைக்கு வந்தவருக்கும் சேர்த்துப் பத்து நாள். மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து கதிர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் துணையாளுக்கும் பஸ் சார்ஜ், வைத்தியம் நடக்கும் நாட்களுக்குக் கூலி, ராத்திரி தங்க ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒரு கூடம், இந்த மூன்றையும் நாம் கேட்கிறோம். 25 நாளைக்குக் கேட்டபோது "பணத்துக்கு எங்கே போவது" என்றார்கள். இப்போது 5 நாளைக்குத்தான் கேட்கிறோம்.